மக்கள் தோற்கடிச்சாங்களா, பெட்டி தோற்கடிச்சுதா?

1/
ஒருத்தர் பள்ளிக்கூட விஷயத்துல ஊர்கிட்ட தோத்தார். அடுத்த வருஷமே சட்டமன்றத்துக்கு நின்னு தோத்தார். முதல் தோல்வியை ஏத்துக்கிட்டு வீட்டுக்குப் போனார். ரெண்டாவதை ஏத்துக்கவே இல்லை.

ரெண்டுமே சரி என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாங்க.

2/
அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ப்ளெய்ன்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அப்பா இறந்ததும் 1953ல் கடற்படை வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, நிலக்கடலை வியாபாரம் பார்த்தவர் ஜிம்மி கார்ட்டர்.

ஆமாங்க, பின்னாளில் ஜனாதிபதி ஆன அதே கார்ட்டர்தான். ஆனா இந்தக் கதை நடக்கும்போது அவர் வெறும் கடலை வியாபாரி, சம்டர் கவுன்ட்டி ஸ்கூல் போர்டு தலைவர். அவ்ளோதான்.

3/
1961ல் சிதறிக் கிடந்த பள்ளிகளை ஒன்றிணைத்து நல்லா நடத்தலாம் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார். மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பள்ளிகளை இணைச்சா அடுத்து வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் ஒண்ணா உக்கார வைப்பாங்க என்ற பயம் கிளப்பப்பட்டது.

திட்டம் நூறுக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. சொந்த ஊர்க்காரங்களே எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க.

4/
இங்கே ஒண்ணு மறைக்காமல் சொல்லணும். அன்றைக்கு அந்தப் பகுதியில் கறுப்பின மக்கள் பெரும்பாலானோருக்கு ஓட்டே கிடையாது. அவர் தலைமை தாங்கிய போர்டும் இனவாரியாகத் தனித்தனிப் பள்ளிகளைத்தான் நடத்தியது. அதனால அவரைப் புனிதராக்க நான் வரலை.

ஆனாலும் எண்ணிக்கையில் திருட்டு இல்லை. போட்ட ஓட்டு எண்ணப்பட்டது. தோத்தார், ஒத்துக்கிட்டார்.

5/
அடுத்து 1962. அக்டோபர் 1, அவருடைய 38வது பிறந்தநாள். அன்னைக்குத்தான் மாநில செனட்டுக்கு நிற்கிறேன் என்று அறிவித்தார். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அக்டோபர் 16. பதினைஞ்சே நாள்! அன்றைய ஜார்ஜியாவில் அந்தக் கட்சியின் வேட்பாளர் ஆகிட்டாலே ஜெயிச்ச மாதிரி.

எதிர்த்து நின்றவர் ஹோமர் மூர். முதலில் வந்த முடிவுப்படி கார்ட்டர் தோல்வி.

6/
தோற்கடித்தது குவிட்மேன் கவுன்ட்டியில் ஜார்ஜ்டவுன் என்ற ஒரே ஒரு வாக்குச்சாவடி. அங்கே ஜோ ஹர்ஸ்ட் என்பவர் வெச்சதுதான் சட்டம். மறைவிடமே கிடையாது, அவர் கண் முன்னாடிதான் ஓட்டுப் போடணும்.

ஓட்டுப் போட வந்தவர்கள் 333 பேர். பெட்டியில் இருந்த ஓட்டு 420.

7/
இறந்தவங்க பேர்ல ஓட்டு. ஜெயில்ல இருந்தவங்க பேர்ல ஓட்டு. நூத்துக்கும் மேல ஆட்கள் பேர் அகர வரிசைப்படி, வரிசை மாறாமல் வந்து ஓட்டுப் போட்டதாகக் கணக்கு. அவ்ளோ ஒழுக்கமான கியூவை நான் எந்த ஓபியிலும் பார்த்ததில்லை 🙂

8/
இதை ஒரு டாக்டரா எப்படிப் பார்க்கிறேன்னா:

தடுப்பூசி முகாம் முடிஞ்சதும் சாயங்காலம் ரெண்டு கணக்கு பார்ப்போம். ரிஜிஸ்டரில் எத்தனை பேர், காலியான டோஸ் எத்தனை. ரெண்டும் பொருந்தணும். 333 பேருக்கு ஊசி போட்டேன்னு எழுதிட்டு 420 டோஸ் செலவாச்சுன்னு சொன்னா மேலே இருக்கிறவங்க என்னைச் சும்மா விடுவாங்களா? ஓட்டுக்கும் அதே கணக்குத்தான்.

9/
விட்டுடு, அந்த ஊர் அப்படித்தான் என்று சொல்ல ஆள் இருந்தாங்க. அவர் கேட்கலை. வீடு வீடா ஏறி இறங்கி வாக்குமூலங்களை எழுத்தில் வாங்கினார். ஜான் பென்னிங்டன் என்ற அட்லாண்டா பத்திரிகையாளர் ஊருக்கே வந்து துருவித் துருவி எழுதினார். சார்லஸ் கிர்போ என்ற வக்கீல் வழக்கை எடுத்தார்.

மறு எண்ணிக்கையில் பெட்டியைத் திறந்தால் ஓட்டுச் சீட்டுகள் கட்டாக ஒண்ணா மடிச்சுக் கிடந்தன. நீதிபதி கார்ல் க்ரோ அந்தச் சாவடி ஓட்டுகளையே தள்ளிவிட்டார். கணக்கு மாறியது. அதுக்கப்புறமும் ஏகப்பட்ட இழுபறி. கடைசியில் 1963 ஜனவரியில் கார்ட்டர் செனட்டர் ஆனார்.

10/
இப்ப என் பாயிண்ட்.

தோல்வி என்பது ஒரு அறிகுறி மாதிரி. காய்ச்சல் வந்த எல்லாருக்கும் ஒரே மாத்திரை கொடுக்க மாட்டோம் இல்லையா? மக்கள் வேண்டாம்னு சொன்னா அதுக்கு வைத்தியம் வேற: ஒத்துக்கணும், திரும்பப் போய்ப் பேசணும். பெட்டி தோற்கடிச்சா வைத்தியம் வேற: ஆதாரம் சேர்த்துக் கோர்ட்டுக்குப் போகணும். முதலில் டயக்னோசிஸ்.

தோத்த எல்லாரும் "மோசடி"ன்னு கத்துறதும் தப்பு. உண்மையிலேயே மோசடி நடந்த இடத்தில் "நம்ம விதி"ன்னு படுத்துக்கிறதும் தப்பு. ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறது சத்தம் இல்லை, கையில் இருக்கிற தாள்.

11/
நம்ம நாட்டில் அந்தத் தாளுக்குப் பேர் 17சி படிவம். ஒவ்வொரு சாவடியிலும் பதிவான ஓட்டு எத்தனை என்பதற்கான கணக்கு. வாக்குப்பதிவு முடிஞ்சதும் அங்கே இருக்கிற பூத் ஏஜென்ட்டுக்கு நகல் கொடுக்கணும். சட்டமன்றத் தேர்தலில் சந்தேகம் இருந்தா 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம்.

அதனால தம்பிங்களா, பூத்தில் உட்காரப் போனா பிரியாணியோட சேர்த்து அந்த நகலையும் கேட்டு வாங்குங்க.

12/
கார்ட்டர் அப்புறமும் தோத்தார். 1966ல் ஆளுநர் வேட்பாளர் தேர்வில் மூணாவது இடம். 1980ல் ஜனாதிபதியாக இருக்கும்போதே ரீகனிடம் படுதோல்வி. அங்கே பெட்டி மேல சந்தேகம் இல்லை. ஒத்துக்கிட்டு ஊருக்குத் திரும்பினார்.

அதுக்கப்புறம் அவர் ஆரம்பித்த கார்ட்டர் மையம் பல நாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தேர்தல்களைக் கண்காணித்தது. (நரம்புச் சிலந்தி நோய் ஒழிப்பில் அந்த மையம் செய்த வேலைக்குத் தனி த்ரெட் போடணும். போடுறேன்.)

13/
2024 டிசம்பரில், 100 வயதில் இறந்தார். எல்லாரும் ஜனாதிபதி கார்ட்டரைப் பத்தி எழுதினாங்க. எனக்கு ஞாபகம் வந்தது 333க்கும் 420க்கும் நடுவில் இருந்த அந்த 87 ஓட்டுக்காக வீடு வீடா அலைஞ்ச கடலை வியாபாரிதான்.

மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க. நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து பதில் போடுறேன்.