மாதம் எத்தனை லிட்டர்?



நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வீட்டில் காலங்காலமாகத் தேங்காய் எண்ணெய்ச் சமையல். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஆலிவ் எண்ணெய்க்கு மாறச் சொல்கிறார். பக்கத்து வீட்டிலோ, செக்கில் ஆட்டியதென்றால் எந்த எண்ணெயும் ஒன்றும் செய்யாது என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தவிக்கிறார். இதே கேள்வி பல ஊர்களிலிருந்து வருவதால் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

அம்மா, தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில்கூட அது பாதியளவுதான். நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவிடும். செக்கில் ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. பாட்டி இதைச் சாப்பிட்டுத்தானே 90 வயது இருந்தாள் என்று கேட்பீர்கள். பாட்டி வயலுக்கும் கிணற்றுக்கும் நடந்த நடையையும் சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் தினசரிப் பொரியலுக்கும் வறுவலுக்கும் வேறு எண்ணெய்க்கு மாறுங்கள். அவியலை இறக்கும்போது விடும் ஒரு தேக்கரண்டிப் பச்சை எண்ணெயை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத அவியலை உங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

மகன் சொல்வதும் தப்பில்லை. ஆலிவ் நல்ல எண்ணெய்தான். இதயத்துக்கு இதமான ஒலிக் அமிலம் அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் நம் கடலை எண்ணெயிலும் கிட்டத்தட்டப் பாதி அதே ஒலிக் அமிலம்தான். நல்லெண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்கு. எள்ளுக்கே உரிய செசமின் போன்ற பொருள்கள் இருப்பதால் நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்காது. தோசைக்கும் இட்லிப்பொடிக்கும் நல்லெண்ணெய், தாளிப்புக்கும் பொரியலுக்கும் கடலை எண்ணெய் என்று வைத்துக்கொண்டாலே போதும். ஆலிவ் எண்ணெய்க்காகக் கடன்பட வேண்டாம். சூரியகாந்தியும் தவிட்டு எண்ணெயும்கூட இடையிடையே வரலாம். ஒரே எண்ணெயைப் பிடித்துக்கொண்டிராமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்தச் சொல்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வரும் எந்த எண்ணெயிலும் சொல்லிக்கொள்ளும்படி கொலஸ்ட்ரால் இருந்ததே இல்லை.

செக்கு எண்ணெய் எனக்கும் பிடிக்கும். எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டும்போது தெரு முழுக்க வரும் மணத்துக்கு ஈடு கிடையாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கிலிருந்துதான் அது கண்டுபிடிக்கப்பட்டது. சுத்திகரிக்கும்போது அந்த நஞ்சு பெரும்பாலும் போய்விடும், செக்கில் போகாது. ஆகவே ஆட்டக் கொடுக்கும் முன் பருப்பைப் பரப்பிப் போட்டுச் சொத்தையையும் நிறம் மாறியதையும் பொறுக்கி எறியுங்கள். கடையில் வாங்குகிறவர்கள் பருப்பைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி எல்லோருக்கும் ஒரு வேலை. மளிகைச் சீட்டை எடுத்து, மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறோம் என்று பாருங்கள். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 2 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிக்குச் சற்று மேல். அந்த அளவில் நிற்கிற வீடு நல்ல நிலையில் இருக்கிறது. கடைவீதி பஜ்ஜியும் ஓட்டல் பரோட்டாவும் இந்தக் கணக்கில் வராதவை.

பலகாரம் சுட்ட எண்ணெயில் மறுபடி பலகாரம் சுடாதீர்கள். வடிகட்டி வைத்து ஓரிரு நாளில் குழம்புத் தாளிப்பில் தீர்த்துவிடலாம். கருத்து, நுரைத்து, சிக்கு வாடை வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கழிவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று 2018 முதல் கடைகளுக்குச் சட்டமே இருக்கிறது.

இவ்வளவும் கடையில் நின்று எண்ணெயைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்களுக்கு. ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயிலை நம்பி அடுப்பு மூட்டும் வீடுகளும் இருக்கின்றன. அவர்களிடம் போய் அதை வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. திண்டிவனத்திலும் திருவண்ணாமலையிலும் விளையும் கடலையின் எண்ணெய், பாதியளவாவது, அதே ரேஷன் கடையில் கிடைக்க வேண்டும் என்று அரசிடம் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்