கைபேசித் திரையை வீட்டிலேயே பழுது பார்க்கலாமா?

'பழுது பார்த்தல்' என்று நம் மொழியில் ஓர் அருமையான சொல் இருக்கிறது. சைக்கிள், ரேடியோ, பம்பு செட்டு, கைக்கடிகாரம் எதுவானாலும் சரிசெய்யும் வேலைக்கு இந்தச் சொல்லைத்தான் வழங்குகிறோம். அதைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். பழுதை முதலில் பார்க்க வேண்டும் என்ற அறிவுரை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கை வைப்பது அதற்கு அப்புறம்தான்.

இன்று பெரும்பாலான வீடுகளில் ஒரு கைபேசியாவது இருக்கிறது. பாடம், பணப் பரிமாற்றம், ரயில் முன்பதிவு, மேட்டூர் அணையின் நீர்மட்டம் எல்லாம் அந்த ஒரு சாண் கண்ணாடியில்தான் தெரிகின்றன. அந்தத் திரை ஒரு நாள் கெட்டுப் போனால் என்ன செய்வது? இரண்டு விதமான பதில்களைக் கேட்கிறோம். "நமக்கு எதற்கு இந்த வம்பு? கடையில் கொடுத்துவிடு, இல்லையேல் புதிதாக வாங்கிவிடு" என்பது ஒன்று. "வீடியோவைப் பார்த்து நாமே பிரித்து மாட்டிவிடலாம்" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பது என் கருத்து. இரண்டுமே பழுதைப் பார்க்காமல் தாண்டிப் போகின்றன.

மூணாறு தலைப்பில் ஒரு பாடம்

நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாற்றில் வரும் தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகிறது. கடைமடையில் ஒரு விவசாயியின் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் உடனே வயலைத் தோண்டுவதில்லை. மேலே ஆற்றில் தண்ணீர் வருகிறதா, தலைப்பில் ஷட்டர் திறந்திருக்கிறதா, இடையில் வாய்க்கால் உடைந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா, கடைசியில் தம் வயலின் மடை சரியாக இருக்கிறதா என்று வரிசையாக விசாரிக்கிறார். ஒவ்வொரு கேள்வியும் பழுது இருக்கக்கூடிய இடத்தைச் சுருக்கிக்கொண்டே வருகிறது.

விஞ்ஞான முறை என்று பாடப்புத்தகத்தில் படிப்பது இதுதான். கைபேசிக்கும் இதே விசாரணை பொருந்தும். மின்கலம் மேலணை என்றால், உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை தலைப்பு, பலகையையும் திரையையும் இணைக்கும் மெல்லிய நாடாக் கம்பி வாய்க்கால், திரை கடைமடை. திரையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மட்டும் திரைதான் கெட்டது என்று முடிவு கட்ட முடியுமா?

திரை என்பது ஒன்றல்ல

நாம் திரை என்று சொல்வது உண்மையில் மூன்று அடுக்குகளின் தொகுப்பு. மேலே இருப்பது காப்புக் கண்ணாடி. அதன் கீழே விரலை உணரும் அடுக்கு. அதற்கும் கீழே படத்தைக் காட்டும் அடுக்கு.

காப்புக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அன்று. அதை ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் அமிழ்த்தி எடுக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேறி, அந்த இடங்களில் பெரிய பொட்டாசியம் அயனிகள் புகுந்துகொள்கின்றன. மூன்று சிறுவர்கள் உட்கார்ந்திருந்த பேருந்து இருக்கையில் மூன்று பெரியவர்கள் நெருக்கி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அந்த நெருக்கத்தால் மேற்பரப்பு இறுகுகிறது. விரிசல் எளிதில் விடுவதில்லை. ஆனால் இறுகிய அந்தப் பகுதி மிக மெல்லியது. ஒரு மணல் துகள் அதைவிட ஆழமாகக் கீறிவிட்டால், அடுத்த முறை கீழே விழும்போது அந்தக் கீறலே பிளவாக ஓடுகிறது. சட்டைப் பையில் சாவியோடும் மணலோடும் கைபேசியைப் போடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது அடுக்கில் இண்டியம் டின் ஆக்ஸைடு என்ற பொருள் மெல்லிய பூச்சாக இருக்கிறது. அது ஒளியை விடும், மின்சாரத்தையும் கடத்தும். இந்தப் பூச்சில் அமைந்த குறுக்குநெடுக்குக் கோடுகள் சின்னஞ்சிறு மின்தேக்கிகளாக வேலை செய்கின்றன. நம் உடல் மின்கடத்தி ஆகையால், விரல் அருகே வந்ததும் அந்த இடத்தின் மின்தேக்குத் திறன் மாறுகிறது. மாறிய இடத்தைக் கணக்கிட்டுத் தொட்ட இடத்தைக் கைபேசி அறிகிறது. இங்கிலாந்தில் ஈ. ஏ. ஜான்சன் என்ற பொறியாளர் 1965-இல் வெளியிட்ட கருத்து இன்று உலகத்தின் பைகளில் எல்லாம் இருக்கிறது! நடவு வயலில் ஈரக் கையோடு தொட்டால் திரை தாறுமாறாக நடந்துகொள்வது ஏன் என்பதும் இப்போது விளங்கும். தண்ணீரும் மின்தேக்குத் திறனை மாற்றுகிறது. எது விரல், எது தண்ணீர் என்று கைபேசிக்குக் குழப்பம்.

மூன்றாவது அடுக்கு இரு வகை. திரவப் படிகத் திரைக்குத் தானாக ஒளி இல்லை. பின்னால் ஒரு விளக்கு வேண்டும். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்.

கழற்றாமலே செய்யும் சோதனைகள்

இவ்வளவு தெரிந்தால் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் பல பழுதுகளை இனம் காணலாம்.

கண்ணாடியில் விரிசல் இருக்கிறது. படமும் தொடுதலும் சரியாக இருக்கின்றன. அப்படியானால் கெட்டது மேல் அடுக்கு மட்டுமே. ஒளிபுகும் ஒட்டுநாடாவை மேலே ஒட்டினால் சில்லு விரலில் குத்தாது. பணம் சேரும்வரை பொறுத்திருக்கலாம். தண்ணீர் படாமல் மட்டும் காக்க வேண்டும்.

படம் சரியாக இருக்கிறது. தொடுதல் மட்டும் தவறுகிறது, அல்லது யாரும் தொடாமலே திரை தானாக இயங்குகிறது. திரையை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். மேலே ஒட்டிய காப்புத் தாளை எடுத்துப் பாருங்கள். மின்னேற்றியைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். பிடுங்கியதும் சரியாகிவிட்டால் திரையின் மேல் பழி இல்லை. மின்னேற்றியோ அதன் கம்பியோதான் குற்றவாளி. மட்டமான மின்னேற்றியின் மின் இரைச்சல் நுட்பமான அந்த அளவீட்டைக் குலைத்துவிடுகிறது. கைபேசியை ஒருமுறை அணைத்துப் போடுவதும் வீண் போகாது.

திரை இருட்டாக இருக்கிறது. இன்னொரு கைபேசியிலிருந்து அழையுங்கள். மணி அடித்தால் மின்கலமும் பலகையும் உயிரோடு இருக்கின்றன. பழுது வாய்க்காலிலோ கடைமடையிலோ இருக்கிறது. திரவப் படிகத் திரையாக இருந்தால், இருட்டறையில் டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரை நல்லது. பின்விளக்குப் பகுதியில் கோளாறு.

கறுப்புக் கறை மைபோலப் பரவுகிறது என்றால் படம் காட்டும் அடுக்கே உடைந்துவிட்டது. எந்தச் செயலியும் அதைக் குணப்படுத்தாது. பற்பசை தேய்த்தால் விரிசல் மறையும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பற்பசையில் இருப்பது தேய்க்கும் துகள். அது பிளவை நிரப்பாது, கண்ணாடியின் மேல் பூசிய எண்ணெய் ஒட்டாப் பூச்சைத்தான் தேய்த்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமான அறிகுறி ஒன்று உண்டு. கீழே விழாமலே திரை ஓரத்தில் மேலெழும்பி இடைவெளி தெரிந்தால், உள்ளே மின்கலம் உப்பியிருக்கக்கூடும். அதை அழுத்தி ஒட்ட முயலாதீர்கள். மின்னேற்றுவதை உடனே நிறுத்தி, அணைத்து, பெரியவர்களிடம் சொல்லி, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். லித்தியம் மின்கலத்தில் எளிதில் தீப்பற்றும் திரவம் இருக்கிறது. துளைபட்டால் நொடியில் தீப்பிடிக்கலாம்.

அரிசிப் பானை வைத்தியம்

தண்ணீரில் விழுந்த கைபேசியை அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. நெல் விளையும் நம் வட்டாரத்தில் அரிசிக்குப் பஞ்சமா? ஆனால் அரிசியைப் பற்றி நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்தை அளக்கிறார்கள். 17 சதவீதம் என்பது வழக்கமான உச்ச வரம்பு. நன்றாகக் காய்ந்து கிடங்கில் இருக்கும் நெல்லிலும் 12 முதல் 14 சதவீதம்வரை ஈரம் இருக்கிறது. சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிட்ட தானியம் அது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பானையில் இருக்கும் அரிசி கைபேசிக்குள் இருக்கும் நீரைப் பாய்ந்து உறிஞ்சும் என்று எப்படி எதிர்பார்ப்பது? போதாக்குறைக்கு, அரிசியின் தவிடும் மாவும் துளைகளில் புகுந்துகொள்ளும். அரிசிப் பையில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தியது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரே அளவான இரண்டு சிறு துணித் துண்டுகளை ஒரே அளவு நீரில் நனையுங்கள். ஒன்றை அரிசியில் புதையுங்கள். மற்றதை மின்விசிறிக் காற்றில் தொங்க விடுங்கள். எது முதலில் காய்கிறது? கைபேசி நனைந்தால் செய்ய வேண்டியதை அந்தச் சோதனையே சொல்லிவிடும். உடனே அணைப்பது, மின்னேற்றாமல் இருப்பது, உறையையும் சிம் தட்டையும் எடுப்பது, துடைத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டத்தில் ஒரு நாளாவது வைப்பது. அவ்வளவே.

எங்கே நிறுத்த வேண்டும்?

இதற்கு மேல், அதாவது திரையைப் பெயர்த்து மாற்றுவது, வீட்டு மேசையில் செய்யும் வேலையா? இன்றைய கைபேசிகளில் பெரும்பாலானவற்றுக்கு 'இல்லை' என்றே சொல்வேன். மூன்று அடுக்குகளையும் தெளிந்த பசையால் ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே கண்ணாடி மட்டும் உடைந்தாலும் முழுத் தொகுப்பையும் மாற்றுவதே வழக்கமாகிவிட்டது. அதைப் பெயர்க்கச் சீராகச் சூடேற்ற வேண்டும். கத்தி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் போனால் நாடாக் கம்பி அறும். இன்னும் போனால் மின்கலம். வீட்டில் இருக்கும் ஒரே கைபேசியில் தொழில் பழகக் கூடாது. பயின்ற மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஆனால் "போன் கெட்டுப் போச்சு அண்ணே" என்று கொடுக்காமல், "மணி அடிக்கிறது, டார்ச் அடித்தால் படம் மங்கலாகத் தெரிகிறது" என்று சொல்லிக் கொடுங்கள். பார்க்கத் தெரிந்தவரை ஏமாற்றுவதும் கடினம். தேவையற்ற செலவும் மிச்சம்.

யார் செய்த முடிவு?

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பழுது பார்க்க முடியாமை இயற்கையின் விதியா? இல்லை. பழைய ரேடியோக்களோடு அவற்றின் மின்சுற்று வரைபடத்தையும் சேர்த்தே கொடுத்த காலம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்வரை கைபேசியின் பின்மூடியை நகத்தால் நெம்பி மின்கலத்தை எடுத்தோம். நீர் புகாமை, மெல்லிய உடல், உறுதி ஆகியவற்றுக்காகப் பசை வந்தது என்று உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் உதிரிபாகம் கிடைக்காததற்கும், விளக்கக் கையேடு வெளியிடாததற்கும், வேறு திரையை மாட்டினால் சில வசதிகளைக் கைபேசியே முடக்கிக்கொள்வதற்கும் எந்த இயற்பியல் விதி காரணம்?

இதை உலகம் கேட்கத் தொடங்கிவிட்டது. பிரான்சு நாட்டில் கைபேசிகளோடு 'பழுது பார்க்க எவ்வளவு எளிது' என்ற மதிப்பெண்ணையும் காட்ட வேண்டும் என்ற விதி 2021-இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், முக்கிய உதிரிபாகங்களை விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் தர வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-இல் பழுது பார்க்கும் உரிமைக்கென இணையதளம் ஒன்றையும் தொடங்கியது. மதிப்பெண் முறை பற்றிய குழுவின் அறிக்கையும் 2025-இல் வந்துவிட்டது. இவை சட்டபூர்வமான கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கைபேசிகளைப் பூட்டி உலகுக்கு அனுப்பும் மாநிலம் இது. பூட்டத் தெரிந்த கைகளுக்குக் கழற்றும் உரிமை வேண்டாமா?

திரையில் இருக்கும் இண்டியம், துத்தநாகம் எடுக்கும்போது உடன்விளைவாகச் சிறிதளவே கிடைக்கும் உலோகம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒரு விரிசலுக்காக முழுக் கைபேசியைத் தூக்கி எறிவது, மடை உடைந்ததற்காக நிலத்தையே விற்பது போன்றது.

பள்ளிகள் ஒன்று செய்யலாம். உயிரிழந்த பழைய கைபேசிகள் பல வீடுகளில் தூங்குகின்றன. மெக்கானிக் ஒருவரை அழைத்து, மின்கலத்தை அவர் கையாலேயே பாதுகாப்பாக அகற்றச் செய்து, மீதியை அறிவியல் மன்றத்தின் மேசையில் வைக்கலாம். ஆசிரியர் முன்னிலையில், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து, மாணவர்கள் ஒவ்வோர் அடுக்காகப் பார்க்கட்டும். மின்தேக்கியும் மின்கடத்தியும் தேர்வுக்குரிய வரையறைகளாக மட்டும் நின்றுவிடாமல் கையில் தட்டுப்படட்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் கைபேசித் திரை அடுத்த முறை மக்கர் செய்யும்போது, திருப்புளியைத் தேடாதீர்கள், பணப்பையையும் தேடாதீர்கள். ஒரு தாளை எடுத்து எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று இரண்டு பத்திகளில் எழுதுங்கள். பாதிப் பழுது அந்தத் தாளிலேயே பிடிபட்டுவிடும்.