அந்த நாலு பேர்

"நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" இவ்வினாவைக் கேளாத தமிழ் இல்லம் அரிது. ஆடை வாங்கும்போதும், திருமணம் பேசும்போதும், பிள்ளைகள் எதைப் படிப்பது என்று முடிவு செய்யும்போதும் அந்த நாலு பேர் கண்ணுக்குத் தெரியாமல் வந்து அமர்ந்துவிடுகின்றனர். அவர்கள் சொல்லை எந்த அளவிற்கு ஏற்பது என்பதே சிந்திக்கத்தக்கது.

பெங்களூரின் தெற்கே, ஓசூர்ச் சாலையில் அமைந்த தொழிற்பகுதி பொம்மசந்திரா. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் தடம் இங்குதான் முடிவடைகிறது. தமிழக எல்லை அருகில் இருப்பதால், வேலை நாடி இப்பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. புதிதாக வருபவருக்கு வாடகை வீடு காட்டுவோரும், வேலைக்குச் சொல்லி வைப்போரும், நோயுற்றால் துணைக்கு வருவோரும் பெரும்பாலும் முன்பே வந்து தங்கிய ஊர்க்காரர்களே. நாலு பேர் துணையின்றி வெளியூர் வாழ்வு இல்லை. ஆதலால் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. அதை மறுப்பதற்கு அச்சமும் மிகுதி.

இவ்வச்சம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்னும் உளவியலாளர் ஓர் ஆய்வு நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றனுள் எது என்று கேட்டார். தனியே இருந்தபோது எவரும் எளிதில் சரியாகச் சொல்லினர். ஆனால், முன்கூட்டியே பேசி வைத்தபடி மற்றவர் அனைவரும் ஒரே தவறான விடையைக் கூறியபோது, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஒரு முறையேனும் அத்தவற்றையே தாமும் கூறினர். கண் கண்டதை நா மறுத்தது. எனினும், அக்குழுவில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, தவறுகள் கால்பங்காகக் குறைந்தன.

பண்பாட்டிற்கும் இதில் பங்குண்டு. 17 நாடுகளில் நடைபெற்ற இத்தகைய 133 ஆய்வுகளை ராட் பாண்ட், பீட்டர் ஸ்மித் ஆகிய இருவர் 1996இல் ஒப்பிட்டனர். தனிமனிதரினும் குழுவைப் பெரிதாகப் போற்றும் நாடுகளில், பிறரோடு ஒத்துப்போகும் இயல்பு மிகுந்திருக்கக் கண்டனர். இதனைக் கோழைத்தனம் என்று இகழ்வது தவறு. பெரியோர் முன் எதிர்த்துப் பேசாமையும், உடன் இருப்பவர் மனம் நோகாமல் நடத்தலும் நம் பண்பாடு போற்றும் குணங்கள். நற்குணமே சில நேரங்களில் உண்மையை விழுங்கிவிடுகிறது என்பதே கவலைக்குரியது.

கூட்டத்தின் இரு முகங்களையும் ஓசூர்ச் சாலையே கண்டிருக்கிறது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கினை 58 வயது வரை எடுக்க இயலாது என்று 2016இல் ஒரு விதி வந்தது. இளவயதிலேயே வேலையை விட்டு நிற்க நேரும் ஆடைத் தொழிலாளர்க்கு அது பேரிடியாயிற்று. ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியில் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தனர். எந்தத் தொழிற்சங்கத் தலைமையும் அவர்களை அழைக்கவில்லை. தனியொருத்தி கேட்டிருந்தால் எவர் செவியிலும் ஏறாத குரல், கூடி எழுந்தபோது தில்லிக்கு எட்டியது. மறுநாளே நடுவண் அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது. ஆனால் அந்த மறுநாளில்தான் பேருந்துகள் எரிந்தன. பொம்மசந்திராவை அடுத்த ஹெப்பகோடியில் காவல் நிலையம் தாக்கப்பட்டு, அங்கிருந்த வாகனங்களுக்கும் தீ வைக்கப்பட்டது. சேமிப்பைக் காக்க எழுந்த போராட்டத்தின் நடுவே பொதுச்சொத்து சாம்பலாயிற்று. துணிவைத் தந்ததும் கூட்டமே. தீ வைத்தவர் தம் முகத்தை மறைத்துக்கொள்ள இடம் தந்ததும் கூட்டமே.

ஆகவே, கூட்டத்தை விட்டு விலகுவது தீர்வன்று. கூடி முடிவெடுக்கும் முறையைச் சீர்செய்வதே தீர்வு. நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமில்லை. நிலமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அவ்வாய்ப்பு இருந்தது என்பது அம்முறையின் குறை. ஆயினும், செல்வாக்குடைய நாலு பேர் கைகாட்டுபவரே வரவேண்டும் என்னும் நிலையை அது தடுத்தது.

அந்த அறிவு இன்றைய வகுப்பறைக்கும் வேண்டும். விருப்பமொழியைத் தெரிவு செய்யும் நாளில் கை உயர்த்தச் சொன்னால், மாணவர் முதலில் நோக்குவது பக்கத்து இருக்கையை. தமிழ் கற்க ஆசை இருந்தும், தோழர் சிரிப்பரோ என்று கையை மடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. ஊரில் இருக்கும் பாட்டியின் மடலைப் படிக்க இயலாத நாளில், சிரித்தவர் எவரும் உடன் இருக்கப்போவதில்லை. ஒவ்வொருவரும் தம் விருப்பத்தைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்த பின்னர் கலந்து பேசினால், அச்சம் குறையும், உண்மை வெளிப்படும்.

நாலு பேர் வேண்டும். அவர்கள் அறிவுரையும் வேண்டும். ஆனால் முடிவெடுக்குமுன் ஒருவர் தம் மனத்தையும் கேட்டல் வேண்டும். வேறொருவர் உண்மையைத் தனித்து நின்று உரைக்கும்போது, அவர் பக்கம் முதலில் சென்று நிற்பவர் அச்சபையின் போக்கையே மாற்றுகிறார். எல்லாரும் அஞ்சும் அந்த நாலு பேரில் தாமும் ஒருவரே என்பதை ஒவ்வொருவரும் உணர்ந்தால், பிறரை நோக்கிச் சிரிக்கும் முன் சற்றே எண்ணிப் பார்ப்பர்.

சொற்பொருள்
நடுவண் அரசு – மத்திய அரசு
குடும்பு – ஊரின் ஒரு பிரிவு
மடல் – கடிதம்

சிந்தித்து எழுதுக
1. ஆஷ் நடத்திய ஆய்வில் தவறுகள் குறைந்தமைக்குக் காரணம் யாது?
2. 2016 போராட்டம் கூட்டத்தின் இரு முகங்களை எவ்வாறு காட்டுகிறது?
3. உம் வகுப்பில் ஒரு முடிவைக் குடவோலை முறையிலோ தனித்தாள் முறையிலோ எடுத்துப் பார்த்து, நிகழ்ந்ததைப் பத்து வரிகளில் எழுதுக.