சின்னம்மையும் அக்கியும்



பனி விலகி வெயில் ஏறும் மாதங்களில் லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர், அரியலூர் என நம் பகுதி இல்லங்களில் சின்னம்மை பற்றிய பேச்சு எழுகிறது. குழந்தைக்கு வந்தால் "அம்மைக்கு மருந்து ஆகாது" என்கிறோம். முதியவருக்கு விலாவில் அக்கி கண்டால் "உடற்சூடு" என்று காவி எழுதச் செல்கிறோம். இவ்விரண்டும் ஒரே கிருமியால் வருபவை என்பதைப் பலர் அறியார்.

சின்னம்மை ஆறினாலும் அதன் வைரஸ் உடலை விட்டு நீங்குவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு வேர்களில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. முதுமையாலோ நோயாலோ எதிர்ப்பாற்றல் குன்றும்போது விழித்தெழுந்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. ஆகவேதான் அக்கி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல் படர்கிறது. இங்கிலாந்தின் சிரன்செஸ்டர் ஊரில் குடும்ப மருத்துவராயிருந்த ஹோப்-சிம்ப்சன், 16 ஆண்டுகள் தம் நோயாளிகளைக் கவனித்துக் குறித்துவைத்து, 1965இல் இதனை விளக்கினார்.

அக்கியில் காலமே முக்கியம். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவது நலம். காவி எழுதிக் காத்திருப்பதில் அந்நேரம் கடந்துவிடுகிறது. புண் ஆறிய பின்னரும் மாதக்கணக்கில் நரம்பு வலி நீடிக்கக்கூடும். நெற்றியிலோ கண்ணருகிலோ வந்தால் பார்வைக்கே ஆபத்து. அன்றே மருத்துவமனை செல்லவேண்டும். பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும், அரியலூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

சின்னம்மை கண்ட குழந்தையின் நகங்களை வெட்டுங்கள். நீராகாரம் நிறையக் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்படலாம். மூச்சுத்திணறல், ஓயாத வாந்தி, மயக்கம் கண்டால் தாமதிக்கலாகாது. பெரியவர்களுக்கு இந்நோய் கடுமையாகும், நிமோனியாவும் வரலாம். கர்ப்பிணியையும் பச்சிளம் சிசுவையும் நோயாளியிடமிருந்து விலக்கி வையுங்கள். அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால், அம்மை காணாத பேரப்பிள்ளைக்குச் சின்னம்மை வரும். எனவே அதனைத் துணியால் மூடி வைக்கவேண்டும்.

கொப்புளம் தோன்றுவதற்கு இரண்டொரு நாள் முன்பே சின்னம்மை தொற்றத் தொடங்கும். எல்லாப் புண்களும் பொருக்குத் தட்டும்வரை பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கோ மதரஸாவிற்கோ அனுப்பாதீர்கள். பாடம் தவறுமே என்று அஞ்சவேண்டாம்; பாடத்தைப் பின்னர் ஈடுசெய்யலாம். கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் புகுவதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் தடுத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல் நமக்குப் போதுமான பாடமன்றோ!

தடுப்பூசியும் உண்டு. தம் மகன் சின்னம்மையால் துன்புற்றதைக் கண்ட ஜப்பானிய மருத்துவர் டக்காஹாஷி 1974இல் அதனை உருவாக்கினார். குழந்தைகளுக்கு 15 மாதத்திலிருந்து இரு தவணைகள் போடப்படுகின்றன. அரசின் இலவச அட்டவணையில் இது இல்லாததால் தனியார் மருத்துவரிடம் பணம் கொடுத்தே போடவேண்டியுள்ளது. ஐம்பது வயது கடந்தவர்களுக்கான அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, விலை அதிகம். இயன்றவர்கள் மருத்துவரைக் கலந்து முடிவு செய்யுங்கள். இயலாதவர்கள் அந்த 72 மணி நேரத்தையேனும் மறவாதிருங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தை அருள்வானாக. ஆமீன்.