ரிம் பெருசா இருந்தா கார் வேகமா போகுமா?

கார் ரேஸ் கேம் ஆடுகிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. நாலு ரேஸ் ஜெயித்து கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நேரா கராஜுக்குப் போய், இருக்கிறதிலேயே பெரிய ரிம்மை மாட்டிவிடுவோம். எஞ்சின், பிரேக் எல்லாம் அப்புறம்தான். முதலில் அலாய் மின்னணும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். இப்போது கட்சி மாறிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இது.

இந்தப் பழக்கத்துக்கு விதை போட்டதில் நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் 2-க்குப் பெரிய பங்கு உண்டு. 2004-ல் வந்த கேம். அதில் காரின் அழகுக்குத் தனியா நட்சத்திர மதிப்பெண் இருக்கும். அது ஏற ஏற பத்திரிகை அட்டையில் நம்ம கார் வரும். அதனால் பெரிய ரிம் போட்டால் லாபம், நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் 2021-ல் வந்த ஃபோர்ஸா ஹொரைசான் 5 மாதிரி கேமில் ரிம் சைஸைக் கூட்டிப் பாருங்கள். ஓரத்தில் காரின் எடையும் சேர்ந்து கூடும். அந்த எண்ணை நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்? நான் கவனித்ததில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்க வீட்டு காரின் டயரைக் குனிந்து பார்த்தால் 185/65 ஆர்15 என்பது மாதிரி எழுதியிருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. அதாவது சுமார் 120 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். ஒரு இஞ்ச் 25.4 மி.மீ. எல்லாம் கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ.

இப்போது அதே 185/65 டயரை 17 இஞ்ச் ரிம்மில் போட்டால் மொத்த உயரம் 672 மி.மீ. ஆகிவிடும். எட்டு சதவீதம் அதிகம். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் 108-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு கியரும் நீளமாகிவிடும், அதனால் பிக்கப் குறையும். இதைத் தவிர்க்க ரிம் பெருசாகும்போது டயரின் பக்கச்சுவரைக் குறைக்க வேண்டும். 205/45 ஆர்17 போட்டால் மொத்த உயரம் 616 மி.மீ. கிட்டத்தட்ட பழைய அளவுதான். ஆனால் பக்கச்சுவர் 120-லிருந்து 92 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. அந்த 28 மி.மீ. எங்கே போச்சு? ரப்பரும் காற்றும் இருந்த இடத்தில் உலோகம் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதில் இரண்டு நஷ்டம். ஒன்று, எடை. அதுவும் சக்கரத்தின் ஓரத்தில் ஏறுகிற எடை. காருக்குள் ஒரு கிலோ அரிசி வைத்தால் எஞ்சின் அதை முன்னே தள்ளினால் போதும். ரிம்மின் ஓரத்தில் ஒரு கிலோ ஏறினால் தள்ளவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். வேகம் எடுக்கும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோவுக்குச் சமம். இரண்டாவது, மெத்தை போச்சு. டயரின் பக்கச்சுவரும் ஒரு ஸ்பிரிங்தான். ரோட்டில் வருகிற அடியில் முதல் பங்கை அதுதான் வாங்கிக்கொள்ளும்.

இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரியப்பா மகன் போன வருஷம் ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினார். "டேய் தம்பி, நீதான் எந்நேரமும் கார் கேம் ஆடுறியே, எந்த வீல் போடலாம் சொல்லு" என்று கேட்டார். என்னை யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை. உடனே பெரிய மனுஷன் ஆகிவிட்டேன். "17 போடுங்கண்ணா, செமயா இருக்கும்" என்றேன். செமயாத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமா மாமல்லபுரம் போய்விட்டு, திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டு திரும்பிக்கொண்டிருந்தோம். இருட்டிவிட்டது, மழை பெய்து ரோட்டில் தண்ணீர். எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சத்தில் பள்ளம் தெரியவில்லை. 'டம்'மென்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் மண்ணில் நின்றது. டயரின் பக்கச்சுவர் கிழிந்து, ரிம்மின் உதடு மடங்கியிருந்தது. பின் சீட்டில் பெரியம்மா, அவர் மடியில் அண்ணனின் இரண்டு வயசுப் பெண். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. செல்போன் வெளிச்சத்தில் ஸ்டெப்னியை எடுத்தார். அது பழைய 15 இஞ்ச் இரும்பு ரிம், 185/65 டயர். அதை மாட்டித்தான் வீடு வந்து சேர்ந்தோம். ஒரு ரிம்மும் ஒரு டயரும் மாற்ற ஆன செலவு என் ஒரு செமஸ்டர் ஃபீஸைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

"அது பள்ளத்தின் தப்பு, ரிம்மின் தப்பு இல்லை" என்று சொல்லலாம். பள்ளம் தப்புதான். ஆனால் இந்த ரோட்டில் பள்ளம் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் இதே ரோட்டில்தான் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகிறேன். தெரிந்தே மெத்தையைக் குறைக்கச் சொன்னது நான்.

சரி, நிஜ ரேஸ் கார்களைப் பார்ப்போம். உலகத்திலேயே வேகமான பந்தயம் என்கிற ஃபார்முலா ஒன்னில் 2021 வரை ரிம் வெறும் 13 இஞ்ச்! நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்கு ஓட்டியபோதும் அதே 13 இஞ்ச்தான். சஸ்பென்ஷன் கல் மாதிரி இறுக்கமாக இருக்கும், அசைவில் பெரும்பங்கு அந்த உப்பலான டயரின் பக்கச்சுவரில்தான். 2022-ல்தான் 18 இஞ்சுக்கு மாறினார்கள். அதே வருஷம் காரின் குறைந்தபட்ச எடை 752 கிலோவிலிருந்து 798 கிலோவுக்கு ஏறியது. அதில் பெரிய சக்கரங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

அப்போ பெரிய ரிம்மால் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது. உள்ளே பெரிய பிரேக் டிஸ்க் வைக்கலாம். ஃபார்முலா ஒன்னிலேயே முன் டிஸ்க் 278 மி.மீ.லிருந்து சுமார் 330-க்கு வளர்ந்தது. பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் சட்டென்று திரும்பும். இருங்காட்டுக்கோட்டை மாதிரி பந்தயத்துக்கென்றே போட்ட ரோட்டில் இதற்கு அர்த்தம் உண்டு. (1990-ல் அந்தத் தளம் திறந்தபோது அது நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் :-))

பி.காம் படிக்கிறவன் என்பதால் இப்படித்தான் யோசிக்கத் தோன்றுகிறது: ரிம் சைஸ் வரவுப் பக்கம் மட்டும் எழுதுகிற கணக்கு இல்லை. பற்றுப் பக்கமும் உண்டு. எனவே கேமில் என் வழி இது. பிரேக்குக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ, அதற்குப் பொருந்துகிற மிகச் சின்ன ரிம். மிச்சக் காசில் நல்ல டயர். மண் ரோடு, மேடு பள்ளம் உள்ள ரேஸ் என்றால் இன்னும் ஒரு இஞ்ச் குறைக்கலாம். ஒரே ரோட்டில் இரண்டு சைஸிலும் ஓட்டி நேரத்தைக் குறித்துப் பாருங்கள், என்னை நம்ப வேண்டாம்.

நிஜ காருக்கு இன்னும் சுலபம். கம்பெனி என்ன அளவு அனுமதித்திருக்கிறது என்று டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். அதைத் தாண்டாதீர்கள். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவும் சொல்கிறது.

முக்கியமாக, கேம் ஆடுகிற தம்பியிடம் யோசனை கேட்காதீர்கள். கேமில் மோதினால் ரீஸ்டார்ட் அமுக்கலாம். பின் சீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

பி.கு: அண்ணன் இப்போது நாலு சக்கரத்தையும் 15-க்கே மாற்றிவிட்டார். போன வாரம் மறுபடி மாமல்லபுரம் போனோம். பஞ்ச ரதங்களைப் பார்த்துவிட்டு, "இவங்க எவ்வளவு விவரமானவங்க பாருடா, சக்கரமே வைக்கல" என்றார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.