கானாவுக்கு ஒற்றைக்கை எழுத்து வந்த வழி

கானாவில் காதுகேளாதோர் ஆங்கில எழுத்துகளை ஒரே கையால் காட்டுகிறார்கள். இந்தியாவில் நாம் பெரும்பாலும் இரண்டு கையாலும் காட்டுகிறோம். இரு நாடுகளையும் ஆண்டவர்கள் பிரிட்டிஷார்தான். அவர்கள் ஊர் வழக்கம் இரட்டைக்கை விரலெழுத்து. நமக்கு வந்து சேர்ந்ததும் அதுவே. கானாவுக்கு மட்டும் அமெரிக்க முறை போய்ச் சேர்ந்தது எப்படி? பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட டோகோ, பெனின், ஐவரி கோஸ்ட் பள்ளிகளிலும் அமெரிக்கச் சைகை மொழியின் சாயல் தெரிகிறதே, அது எப்படி? இரண்டுக்கும் காரணம் ஒரே மனிதர்.

அவர் பெயர் ஆண்ட்ரூ ஃபாஸ்டர். அலபாமாவில் 1925இல் பிறந்த கறுப்பினத்தவர். 11 வயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர். காதுகேளாதோருக்கான வாஷிங்டன் காலடெட் கல்லூரியில் 1954இல் பட்டம் வாங்கினார். அங்கே இளங்கலை முடித்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். இரண்டு ஆண்டு கழித்து ஆப்பிரிக்கக் காதுகேளாதோருக்காக ஒரு கிறித்தவ மிஷனைத் தொடங்கினார். 1957இல், அப்போதுதான் சுதந்திரம் பெற்றிருந்த கானாவின் அக்ராவில் போய் இறங்கி, இரவல் வகுப்பறையில் பள்ளி நேரம் முடிந்த பிறகு பாடம் நடத்தினார். பிறகு அந்தப் பள்ளி மாம்போங் ஊருக்கு மாறியது. 1987 டிசம்பரில் ருவாண்டாவில் விமான விபத்தில் இறப்பதற்குள் 13 நாடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை எழுப்பிவிட்டார்.

விடுமுறை நெருங்கினால் போதும், வெளிநாட்டில் காதுகேளாத குழந்தைகளுக்கு இரண்டு வாரத் தொண்டு என்ற அழைப்புகள் நம் துறை இளைஞர்களைத் தேடி வரத் தொடங்கிவிடும். சைகை மொழிபெயர்ப்பாளர், சிறப்பாசிரியர், ஆடியாலஜிஸ்ட் என்று எல்லோருக்கும் இடம் உண்டு. போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு நம் இதழின் பதில்: ஃபாஸ்டரின் கதையை முழுதாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள். அவர் சாதித்ததும் அதற்கு அந்த மண் கொடுத்த விலையும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

சாதனை பெரிது. காதுகேளாதோர் கல்வி பற்றிய 1880 மிலன் மாநாட்டுக்குப் பிறகு சைகையை வகுப்பறையிலிருந்து விரட்டிப் பேச்சுப் பயிற்சியே கதி என்று இருந்த காலம் அது. ஃபாஸ்டர் அமெரிக்கச் சைகையோடு வகுப்புக்குள் வந்தார். காதுகேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள் என்பது நமக்குத் தெரியும். வளர்ந்த, படித்த, வேலை பார்க்கிற, தன்னைப் போலவே காது கேளாத ஒருவரை அந்தக் குழந்தை எங்கே பார்த்திருக்கும்? அவரே எதிரில் நின்றார். நைஜீரியாவின் இபாதானில் காதுகேளாதோரையே ஆசிரியர்களாகப் பயிற்றினார். அவர்கள் தத்தம் நாட்டுக்குத் திரும்பிப் பள்ளி தொடங்கினார்கள். அவர் போன பின்னும் வகுப்புகள் நின்றுபோகாததற்குக் காரணம் இதுதான்.

விலை என்ன என்று அறிய கானாவின் அடமொரோபே கிராமத்துக்குப் போக வேண்டும். பரம்பரைக் காதுகேளாமை தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஊர். கேட்பவர்களும் கேளாதவர்களும் சேர்ந்து புழங்கிய ஒரு சைகை மொழி அங்கே தானாக விளைந்து, பேச்சுக்கும் சந்தைக்கும் சண்டைக்கும் பயன்பட்டது. ஃபாஸ்டர் கொண்டுவந்த மொழிக்கும் அதற்கும் உறவில்லை. இதே ஊரில்தான் 1975இல் காதுகேளாதவர்கள் தங்களுக்குள் மணம் செய்யக்கூடாது என்று ஊர்த்தலைவர் தடை போட்டார். ஆக, அதை ஒரு சொர்க்கபூமியாக்கிவிட வேண்டாம். ஆனாலும் மாம்போங் விடுதிப் பள்ளிக்குப் போன பிள்ளைகள், ஃபாஸ்டர் கொண்டுவந்த மொழியிலிருந்து உருவான கானா சைகை மொழியோடு ஊர் திரும்புகிறார்கள். ஊர்ச் சைகை வயதானவர்களோடு சுருங்கி வருகிறது.

பள்ளியே இல்லாத நாட்டில் தனக்குத் தெரிந்த மொழியில் தொடங்கியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இன்று போகிறவர்களுக்கு அந்தச் சமாதானம் கிடையாது. கென்யாவின் 2010 அரசியலமைப்பு கென்யச் சைகை மொழியை நாடாளுமன்ற மொழிகளில் ஒன்றாக்கியிருக்கிறது. தென்னாப்பிரிக்கா 2023இல் தன் சைகை மொழியை 12ஆவது ஆட்சிமொழி ஆக்கியது. இப்படிப்பட்ட இடத்துக்கு, யூடியூபில் கற்ற அமெரிக்கச் சைகையோடு போய்க் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவது தொண்டாகாது. மொழியே இன்னும் வாய்க்காத குழந்தையிடம் மதத்தைக் கொண்டுபோவதும் நமக்கு உடன்பாடில்லை. அந்தக் குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லவும் மொழி இல்லை.

காதுகேட்கும் கருவி வழங்கும் முகாம்களின் கதை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி 43 கோடிப் பேருக்குக் கேட்பியல் மறுவாழ்வு தேவை. கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் அதைப் பயன்படுத்துவோர் 17 சதவீதம்தான். ஆகவே கருவி வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் முகாம் கலைந்த மூன்றாம் வாரம் என்ன நடக்கும் என்று நம்மில் யாருக்குத் தெரியாது? கருவியின் பேட்டரி சில வாரங்களில் தீர்ந்துவிடும். வளரும் குழந்தைக்குச் சில மாதத்தில், காதின் அளவுக்கு வார்த்த இயர்மோல்டு தளர்ந்து கருவி கீச்சிட ஆரம்பிக்கும். குழந்தை கழற்றிப் போடும். அம்மா பத்திரமாகப் பெட்டியில் எடுத்து வைப்பார். முகாமின் படங்கள் மட்டும் ஆண்டறிக்கையில் ஏறியிருக்கும்.

ஆடியாலஜிஸ்டுகள் போவதானால் கருவிப் பெட்டியைவிட மோல்டு வேலையைக் கொண்டுபோகட்டும். காதை ஓட்டோஸ்கோப்பில் பார்ப்பது, நூல் கட்டிய பஞ்சுத் தடுப்பைச் சரியான ஆழத்தில் வைப்பது, சிரிஞ்சால் சிலிகானைக் காற்றுக்குமிழி விழாமல் செலுத்துவது, இறுகியதும் மெல்லத் திருகி எடுப்பது, பிறகு செதுக்கி மெருகிடுவது. உள்ளூர்க்காரர் இருவர் இதை உங்கள் கண்ணெதிரே, நீங்கள் கை வைக்காமல், செய்துகாட்ட வேண்டும். அதற்கு இரண்டு வாரமே இழுபறிதான். குறுகிய பயணத்துக்கு நியாயம் இருக்கிறது என்றால் இப்படிப்பட்ட வேலையில்தான் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதைவிடக் கடினம். வந்திறங்கிய கேட்கும் மனிதர் மேடையில் ஏறியதும் எல்லோரும் அவரைப் பார்த்தே பேசுவார்கள். உள்ளூர்க் காதுகேளாதோர் சங்கத் தலைவர் ஓரமாக நிற்பார். அந்த மேடையில் ஏறாதீர்கள். அவ்வூர்க் காதுகேளாதவர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக வைத்துக்கொண்டு வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருங்கள். குழுவில் முதல் இடமும் விசாச் செலவும் நம் காதுகேளாத சக பணியாளர்களுக்குப் போகட்டும். நடப்பில் அழைப்புப் பட்டியல்களில் அவர்கள் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. வெட்கக்கேடு.

இந்தப் பேச்சில் நாம் வெறும் பார்வையாளர்கள் அல்ல. பாளையங்கோட்டைக் காதுகேளாதோர் பள்ளி, அங்கு வந்து தங்கி உழைத்த ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற ஆங்கிலேய மிஷனரியின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. பெற்றுக்கொள்ளும் பக்கம் எப்படி இருக்கும் என்பது நம் மூத்த ஆசிரியர்களுக்குத் தெரியும். புறப்படுகிற இளையவர்கள் அவர்களிடம் ஒரு மாலை உட்கார்ந்து கேட்கலாம்.

டிக்கெட் போடுவதற்கு முன் அந்த நாட்டுக் காதுகேளாதோர் சங்கத்துக்கு ஒரு வீடியோ அழைப்பு போடுங்கள். ஆள் வேண்டும் என்றால் எத்தனை நாள், எந்த வேலைக்கு, யாருக்குக் கீழே என்று அவர்களே சொல்லட்டும். ஆள் வேண்டாம், ஓர் ஆசிரியருக்கு ஒரு வருடச் சம்பளம் வேண்டும் என்றால் டிக்கெட் பணத்தை அங்கே அனுப்பிவிட்டு ஊரிலேயே இருங்கள்.