வசந்தமும் தும்மலும்

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்கு வசந்தம் வந்துவிட்டது என்பர் கொழும்பிலிருப்போர். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகு, விக்டோரியாப் பூங்காவில் உலா என்று மலையேறி வரும் அன்பர்கள் மகிழ்ந்து திரும்புகின்றனர். அவர்கள் மகிழ்வதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அதே நாள்களில், அந்தப் பூங்காக்களிலிருந்து சிறிது தொலைவில், தோட்டத்து லயங்களில் தும்மல் ஓய்வதில்லை. கண் சிவந்து, மூக்கு அரித்து, நீர் ஒழுகிப் பிள்ளைகள் பள்ளிக்கு வருகின்றனர். இதற்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் பெயர் "சளி". அந்தப் பெயரே பிழை என்பதும், அந்தப் பிழையால் பலர் வீணே துன்புறுகின்றனர் என்பதும் என் கருத்து.

குழந்தை தும்மினால் "நூறு" என்று வாழ்த்துவது நம் வழக்கம். வள்ளுவரோ புலவி நுணுக்கத்தில் தும்மலை வைத்தே காதலரிடையே ஊடலை மூட்டிவிடுகிறார். ஒரே மூச்சில் இருபது தும்மல் தும்மும் பிள்ளைக்கு எத்தனை நூறு வாழ்த்துவது? வாழ்த்தும் பொறுமை எனக்கு இருக்கவில்லை. நான் ஓர் ஆசிரியன். சில ஆண்டுகளுக்கு முன், பாடம் நடக்கும் வேளையில் ஓயாது தும்மிய ஒரு மாணவனை, வகுப்பைச் சிரிக்க வைக்கவே அவ்வாறு செய்கிறான் என்றெண்ணி வெளியே நிற்கச் சொன்னேன். எங்கள் பள்ளியின் பின்புறம் பத்தனைச் சரிவு. மானாப்புல் கதிர்விட்டு நின்ற காலம் அது, காற்றும் இருந்தது. மணி அடிக்கும்வரை அவன் அங்கே நின்றான். திரும்பி வந்தபோது அவனுக்கு முகம் வீங்கியிருந்தது. மூச்சில் சீழ்க்கை கேட்டது. தண்டனை என்ற பெயரில் அவனை நோயின் வாய்க்குள்ளேயே நிறுத்தியிருந்தேன் என்பது பின்னரே எனக்கு விளங்கியது.

இந்நோயின் வரலாறு சுவையானது. 1819இல் ஜோன் பொஸ்டொக் என்ற ஆங்கில மருத்துவர் கோடைதோறும் தம்மை வாட்டிய கண்ணரிப்பையும் தும்மலையும் எழுதிவைத்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. மான்செஸ்டரைச் சேர்ந்த சார்ள்ஸ் பிளாக்லி என்ற மருத்துவர்தாம், பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்தும், பட்டத்தில் கட்டி உயர ஏற்றியும் பூந்தாதைப் பிடித்து எண்ணி, புல்லின் தாதே குற்றவாளி என்று 1873இல் நூலாக வெளியிட்டார். அவரும் ஒரு நோயாளியே. தும்மிக்கொண்டே பட்டம் விட்ட அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் அன்பு பிறக்கிறது. உழவரைவிடக் கற்றோரையும் செல்வரையுமே இந்நோய் பற்றுகிறது என்றும் அவர் எழுதினார். அக்காலத்து இங்கிலாந்தில் அவர் கண்டது அது. அந்த எண்ணம் இன்னும் சாகவில்லை என்பதுதான் வியப்பு. "இதெல்லாம் துரைமார் வியாதி, லயத்துக்கு எங்கிருந்து வரும்?" என்று மருந்து கொடுக்கும் ஒருவரே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மலர்களின்மேல் பழிபோடுவதும் தவறே. ரோஜாவும் டேலியாவும் வண்டை நம்பி வாழ்பவை. அவற்றின் தாது கனமானது, ஒட்டும் தன்மையுடையது, காற்றில் தொலைதூரம் போகாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களிடையே நடந்தவர் எவரும் தும்மியதாகச் செய்தி இல்லை. தேயிலைப் பூவும் நிரபராதி. கொழுந்து கிள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும் செடி பூப்பதே அரிது. கண்ணைக் கவராத பூக்களே கெட்டிக்காரப் பூக்கள். புல்லும் சைப்பிரஸ் மரமும் காற்றை நம்பித் தாதைத் தூவுகின்றன. சளியென்றால் உடம்பு நோகும், காய்ச்சலும் வரலாம், பெரும்பாலும் ஒரு வாரத்தில் போய்விடும். இதுவோ காய்ச்சலின்றி, கண்ணிலும் மூக்கிலும் அரிப்போடு, வாரக்கணக்கில் நின்று, மறு ஆண்டும் அதே காலத்தில் வருவது. இந்த வேறுபாட்டை ஒரு தாய்க்குச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் சொன்னபின் அவள் செய்யக்கூடியது என்ன? இங்குதான் நம் சுகாதாரப் போதனையோடு எனக்குச் சண்டை. கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இரு என்று மேனாட்டார் அறிவுரை கூறுகிறது. அம்மாணவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, உள்ளே விறகடுப்பு. புகைபோக்கி இல்லை. மழைக்குப் போர்த்திய கம்பளியே இரவில் படுக்கையும் ஆகிறது. அந்த ஈரத்தில் உண்ணிப்பூச்சிகள் கண்ணுக்குத் தெரியாமல் பெருகுகின்றன. அவற்றின் தூசி, தும்மலைத் தூண்டுவதில் பூந்தாதுக்குச் சற்றும் இளைத்ததன்று. "உள்ள இருந்தா பொகைங்க மாஸ்டர், வெளியில வுட்டா இந்தத் தும்மல்" என்றாள் அவன் தாய். எனக்கு மறுமொழி இருக்கவில்லை. சித்திரை மழையோடு கொழுந்து பெருகும் காலம். அவள் கணவருக்கு ஸ்டோரில் இரவு வேலை. சலிப்பறையில் பறக்கும் தேயிலைத் தூசியும் நெஞ்சை அடைக்கும். நம் நாட்டு மருத்துவர் சி. ஜி. ஊரகொட, தேயிலை உற்பத்தியாளரைப் பற்றும் ஆஸ்துமாவைக் குறித்து 1970இலேயே எழுதியிருக்கிறார்.

மருந்திலும் ஒரு சிக்கல் உண்டு. தும்மலென்றால் முதலில் கைக்கு வருவது குளோர்பெனிரமின் குளிசை. விலை மலிவு, தும்மலும் அடங்கும். ஆனால் அது தூக்கம் தரும். அதை விழுங்கிவிட்டுப் பெரட்டுக்குப் போய், கூடையைச் சுமந்து, செங்குத்தான மலையில் ஈரக்கல்மேல் கால் வைக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அத்துணைத் தூக்கம் தராத லொரட்டடின் போன்றவை பல ஆண்டுகளாகவே உள்ளன. மலையில் வேலை செய்பவருக்கு எந்தக் குளிசை என்ற கேள்வியை மருந்து கொடுப்பவர் கேட்டேயாக வேண்டும். மூச்சில் சீழ்க்கை கேட்டால் குளிசையோடு நிறுத்தாமல் டாக்டரிடம் அனுப்பவும் வேண்டும். கொதித்தாறிய உப்புநீரால் மூக்கைக் கழுவுதல், புல் வெட்டும்போது முகத்தில் துணி கட்டுதல், வேலை விட்டு வந்ததும் முகம் கழுவி உடை மாற்றுதல், வெயில் கண்ட நாளில் கம்பளியைக் காயவைத்தல் ஆகியன செலவில்லாதவை. புகைபோக்கிக்குச் செலவுண்டு. அது தாயின் செலவன்று. லயத்தைக் கட்டியவரும் அதை வைத்திருப்பவரும் ஏற்கவேண்டிய செலவு. சில தோட்டங்களில் தனிவீடுகள் எழுந்துள்ளன. எழாத இடங்களில் அடுப்புக்கு மேல் ஒரு குழாய் வைக்க, வீடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அம்மாணவனை அன்றே சரிவுப் பக்கத்துச் சன்னலிலிருந்து மாற்றி, என் மேசைக்கருகில் இருத்தினேன். பத்தனைப் புல் கதிர் விடும் முன் பள்ளியைச் சுற்றி வெட்டிவிட வேண்டுமென்று அதிபரிடம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகள் வெட்டினார்கள். இவ்வாண்டு இன்னும் வெட்டவில்லை. கதிர் தலைகாட்டத் தொடங்கிவிட்டது.